ரத்தினம்மாளுக்கு விழுந்த ஒன்பதாவது கிராஸ்

ரத்தினம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. வேறு யாரும் எழுதப் போவதில்லை, அதனால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம், பிள்ளை குட்டி இல்லை. இருபத்தாறு வருடமாகத் தெருப் பெருக்குகிற வேலை. காலை ஆறு மணிக்கு வார்டு கொட்டகையில் ஆஜர் கொடுக்கும்போதே யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பாள். நான் பத்தாவது வரை படித்துவிட்டுத் துடைப்பம் பிடிக்க வந்தவள் என்பதால் என்னை 'வக்கீலம்மா' என்பாள். எனக்கு அது பிடிக்கும்.

எங்கள் வார்டில் குறுக்குத் தெருவைக் கிராஸ் என்போம்; இருபத்திரண்டு கிராஸ், பெருக்க இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பதாவது கிராஸ் மட்டும் நரகம். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு பக்கம் காய்கறிச் சந்தை, மறுபக்கம் கோழிக்கடைகள். புழுதியும் அழுகலும் மூக்கில் ஏறினால் அன்று சோறு இறங்காது. முன்பு எங்களை மேய்த்த கான்ட்ராக்டரை எவளாவது எதிர்த்துப் பேசினால் மறுநாளே அவளுக்கு அந்தத் தெருதான்.

அதைப் பொறுக்காமல்தான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வார்டு ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்தோம். எங்களைத் திரட்டியவர்கள் இரண்டு பேர், ரத்தினம்மாளும் வெங்கடசாமியும். வெங்கடசாமி எங்களைப் போலப் பெருக்குகிறவன்தான். ஆனால் தமிழிலும் கன்னடத்திலும் வெளுத்து வாங்குவான். கான்ட்ராக்டர் ஒழிந்தான். மேஸ்திரியாக ரத்தினம்மாளே இருக்கட்டும் என்றோம். ஆபீஸர் முன்னால் நின்றால் தனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அவள் வெங்கடசாமியைக் கை காட்டினாள்.

ஆனால் இரண்டு சட்டம் போட்டாள். மாதம் முதல் தேதி சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்தக் கிராஸ் விழுகிறதோ அதைத்தான் பெருக்க வேண்டும். மேஸ்திரியும் சீட்டு எடுக்க வேண்டும், மேஸ்திரியும் பெருக்க வேண்டும். வெங்கடசாமி கண் கலங்க ஒப்புக்கொண்டான். அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது.

முதல் வருடம் ஒழுங்காகப் பெருக்கினான். அடுத்த வருடம் முழங்கால் வலி என்றான். அப்புறம் கொட்டகையில் ஒரு நாற்காலி வந்தது, அவன் கிராஸை நாங்கள் முறை வைத்துப் பெருக்கினோம். ஒருநாள் ரத்தினம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள், “உன் தொடப்பம் எங்க, வெங்கடசாமி?”

“ஆபீஸ்ல போய்ப் பேசறதும் பெருக்கற வேலதான்க்கா” என்றான் அவன். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த முதல் தேதி அவளுக்குத் திடீர் மரியாதை. 'அக்காதான் நம்மில் மூத்தவர், முதல் சீட்டை அவரே எடுக்கட்டும்' என்று வெங்கடசாமி டப்பாவை நீட்டினான். வெட்கத்தோடு எடுத்தாள். ஒன்பது. நன்றாகக் குலுக்கிக்கொண்டு வருகிறேன் என்று அவன் டப்பாவோடு உள்ளே போய்வந்தான், பிறகு நாங்கள் எடுத்தோம். அதற்கடுத்த மாதமும் அவளுக்கு ஒன்பது. அதற்கும் அடுத்த மாதம் ஒன்பது.

எப்படி என்று நானே சொல்லிவிடுகிறேன். டப்பா இரண்டு. அவள் கைவிடும் டப்பாவில் எல்லாச் சீட்டும் ஒன்பதுதான். எழுதிக் கொடுத்தவள் நான். என் அம்மா படுத்த படுக்கை. எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் நாலாவது கிராஸ் எனக்கே வரும், எட்டு மணிக்கு ஓடிப்போய் அம்மாவைத் திருப்பிப் போடலாம் என்று வெங்கடசாமி சொன்னான். நான் தலையாட்டினேன். த்தூ, என்ன பிழைப்பு!

ரத்தினம்மாளுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. புழுதிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மாதத்தில் பத்தடி பெருக்கினால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. தெருவை மாற்றித் தரும்படி கேளுங்கள் அக்கா என்றேன், சின்னக் குற்ற உணர்ச்சியில். சட்டம் போட்டவளே மாற்றச் சொன்னால் அப்புறம் சட்டம் எதற்கு என்றாள். தன் கைராசியைத்தான் திட்டிக்கொண்டாள். ஒரு மாதம் இடக் கையால் எடுத்துப் பார்த்தாள்.

மற்றவர்களுக்கும் மெல்லப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் ஒன்பது விழுவதில்லை என்று தெரிந்தபின் யார் வாயைத் திறப்பார்கள்?

ஏழாவது மாதம் நல்ல மழை, குலுக்கவே ஏழரை மணி ஆகிவிட்டது. ஈரக் கையில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்தாள். இரண்டிலும் ஒன்பது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னாடி வக்கீலம்மா, ரெண்டு எழுதி வெச்சிக்கிற?”

என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சீட்டு எடுத்தாள். பிறகு டப்பாவைத் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வெங்கடசாமி ஏதோ தவறு நடந்துவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து எங்களிடம் சொன்னாள், “இப்ப, இங்கியே, எல்லார் கண்ணு முன்னால திரும்பக் குலுக்கணும். சரின்றவங்க கை தூக்குங்க.”

பதினோரு நாள் அவளோடு வெயிலில் உட்கார்ந்த கூட்டம்தான். ஒரு கை எழவில்லை. என் கையும் மடியிலேயே கிடந்தது. மணி எட்டாகப் போகிறதே என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்துவந்து என்னிடம் நின்றாள். “உங்கம்மாவுக்காகன்னு எங்கிட்டக் கேட்டிருந்தா, எனக்கு வுழற தெருவ உனக்கே குடுத்திருப்பேனேடி” என்றாள். மூச்சு இழுத்தது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது கிராஸ் பக்கம் போனாள்.

அடுத்த முதல் தேதி, குலுக்கலால்தான் நமக்குள் சண்டை வருகிறது, இனி இப்போது பெருக்குகிற கிராஸே அவரவருக்கு என்று வெங்கடசாமி நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னான். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். ரத்தினம்மாள் ஆஜர் போட்டுவிட்டு முன்னாலேயே வேலைக்குப் போயிருந்தாள். கொட்டகையிலிருந்து ஒன்பதாவது கிராஸ் கூப்பிடு தூரம், நாங்கள் தட்டியது அவளுக்குக் கேட்டிருக்கும்.