தனபால் அண்ணன் வீட்டு மாடியில் பிரெஞ்சு ஜன்னல்

1. ஆர்டர் போகிற மாதிரி இருந்தது

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணையும் பையனையும் ஒண்ணா பாண்டிச்சேரி அனுப்பணுமா? இன்னா தங்கச்சி, நீயே சொல்லு, நாயமா கீதா இது?"

தனபால் அண்ணன் இப்படிக் கேட்டபோது என் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் சும்மாவே பயம்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டுடியோ வேலைக்கு வந்தவள். அடுத்தவர் ஸ்டுடியோவில் லைட் பிடித்தேன், பிரிண்ட் வெட்டினேன், பிறகு கேமராவும் பிடித்தேன். போன வருஷம்தான் மார்க்கெட் பக்கம் சொந்தமாக போர்டு மாட்டினேன். அந்த போர்டுக்கு வந்த முதல் முழுக் கல்யாண ஆர்டர் இவர் மகள் சங்கீதாவுடையது. இது கெட்டுப்போனால் பழைய முதலாளி கடை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கீதா தினமும் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போய் வருகிற பெண். "சீட்டே கெடைக்காதுக்கா. நின்னுகினே போவேன், நின்னுகினே வருவேன். அப்போ இதைத்தான் பார்த்துகினு இருப்பேன்" என்று போனைக் காட்டினாள். எல்லாம் பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தெரு ஜன்னல்கள். தரைவரை இறங்குகிற நீள ஜன்னல்கள், பச்சையும் நீலமுமாகப் பலகைக் கதவுகள், வெளியே கம்பியில் தொங்கும் பூத்தொட்டிகள். அப்படி ஒரு ஜன்னலில் தானும் மாப்பிள்ளை கார்த்திக்கும் நிற்கிற படம் ரிசெப்ஷன் வாசலில் பெரிதாக நிற்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். நகை, புடவை எதைக் கேட்டாலும் 'பரவால்ல' என்று மட்டும் சொன்னாளாம்.

அப்பா ஒரே பிடியாக நின்றார். கடைசியில் சங்கீதாதான் என்னைக் காட்டி வழி சொன்னாள்.

"நாங்க போவல நைனா. கோமதிக்கா மட்டும் போய் ஜன்னலைக் கொண்டாரட்டும். எங்களை இங்க வெச்சி எடுத்து, அதுல சேர்த்துடட்டும்."

அண்ணன் தலையாட்டினார். "ஜன்னலு தனியா வருதுன்னா வரட்டும். அதுல எனக்கு இன்னா கஷ்டம்?"

2. ஜன்னல் பிடிக்கப் போனது

பங்காருபேட்டையில் ரயில், காட்பாடியில் இறங்கி, வேலூரிலிருந்து பஸ். வழி முழுக்க பயம். பேட்டரி மூன்று, கார்டு இரண்டு, இருக்கிறதா என்று பையைத் திறந்து திறந்து பார்த்ததில் ஜிப் கழன்றுகொண்டது. மழை வந்தால்? நாய் துரத்தினால்? எவன் வீட்டை எதுக்கு எடுக்கிறாய் என்று போலீஸ் கேட்டால்? லாட்ஜில் தாழ்ப்பாள் லூஸ். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்தேன்.

காலை ஆறு மணிக்கு கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ட்ரைபாடை விரித்தேன். வெயில் வந்தது. அவ்வளவுதான், பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், நடுவில் நீல ஜன்னல். பக்கவாட்டில் வெயில் விழுந்ததும் கதவின் ஒவ்வொரு பலகைக்கும் கீழே பென்சிலில் கோடு போட்டது மாதிரி ஒரு நிழல். தொட்டியில் சிவப்புப் பூ. அதன் நிழல் சுவரில் இன்னொரு தொட்டி மாதிரி நின்றது. ஸ்டுடியோவில் இத்தனை வருஷம் துணியில் எழுதின ஜன்னலுக்குத்தான் லைட் போட்டிருக்கிறேன். அந்த ஜன்னல் திறக்காது. இங்கே ஒரு கதவு காற்றில் தானாகத் திறந்து, திரைச்சீலை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், தனியாக, நடுத்தெருவில்.

ஒரு வீட்டு மாடியில் ஒருவர் வெற்று உடம்போடு பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் விருட்டென்று உள்ளே போய்விட்டார். சண்டைக்கு வருகிறார் என்று நான் ட்ரைபாடை மடக்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் சீவின தலையுமாக வந்து நின்றார்.

"ம், எடும்மா."

"ஐயா, நான் ஜன்னலைத்தான் எடுத்தேன்."

"ஜன்னலையா? இதுக்கா நான் சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்தேன்?" என்றார். உள்ளே திரும்பி, "கேட்டியா, ஜன்னலு அழகா இருக்காம், நான் இல்லியாம்!" உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிப்பு. அவரையும் ஒன்று எடுத்தேன். விறைப்பாக, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நின்றார்.

தரைத்தளத்து ஜன்னல்களுக்கு முன்னால் எல்லாம் பைக் நின்றது. பூத்தொட்டிகளும் மாடியில்தான் அழகாக இருந்தன. அதனால் மாடி ஜன்னல்களாகவே எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் குறிப்பு: என்ன நேரம், வெயில் எந்தப் பக்கம், எந்த லென்ஸ், சுவரிலிருந்து எத்தனை எட்டு. பயந்த ஆளுக்கு எழுதாமல் தூக்கம் வராது. இரண்டு நாளில் நாற்பதுக்கு மேல் ஜன்னல். திரும்பி வரும்போது பஸ்ஸில் கார்டு இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

3. பேனர் மூஞ்சி

ஸ்டுடியோவில் பச்சைத் துணி கட்டி சங்கீதாவையும் கார்த்திக்கையும் நிற்கவைத்து எடுத்தேன். லைட் சரி, சிரிப்பு சரி. கம்ப்யூட்டரில் பச்சையை நீக்கி, நீல ஜன்னலில் வைத்தேன். ஏதோ இடித்தது. சின்னதாக்கினேன், பெரிதாக்கினேன், நிழல் போட்டேன். என்ன செய்தாலும் இரண்டு பேரும் ஜன்னலில் நிற்கவில்லை, ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள்.

சங்கீதா பார்த்தாள். பாவம், சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முடியவில்லை.

"அக்கா, எலெக்சன் பேனர்ல தலைவர் மூஞ்சி ஒட்டின மாதிரி கீது."

அப்போதுதான் புரிந்தது. ஜன்னலை நான் தெருவில் நின்று அண்ணாந்து எடுத்திருக்கிறேன். ஆட்களை நேருக்கு நேர், கண் மட்டத்தில் எடுத்திருக்கிறேன். ஜன்னலுக்கு அடிப்பக்கம் தெரிகிறது, ஆளுக்கு நேர்ப்பக்கம் தெரிகிறது. இது ஸ்டுடியோவிலேயே வளர்ந்தவர்கள் மட்டுமே செய்கிற தப்பு. துணியில் எழுதின பேக்ட்ராப் எப்போதுமே ஆள் மட்டத்துக்குத்தான் இருக்கும். அதன் முன்னால் யாரை நிறுத்தினாலும் பொருந்தும். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. நோட்டில் எல்லாம் எழுதியவள் அதை மட்டும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். அன்று புதன். "வேற ஏதாவது பார்க் படம் போட்டுடலாம்க்கா, பரவால்ல" என்றாள் சங்கீதா. நகைக்குச் சொன்ன அதே பரவால்ல.

4. சாரம்

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஊரிகம் ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம் மாடி வீடு. கல்யாணத்துக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் முழுக்க சவுக்குக் கட்டையில் சாரம்.

தனபால் அண்ணன் இயந்திரத் தொழிற்சாலையில் ரிக்கர். பெரிய பெரிய மிஷின்களைச் சங்கிலி போட்டுத் தூக்கி, ஒரு நூல் பிசகாமல் இறக்கிவைக்கிற வேலை. போன வருஷம்தான் ரிட்டயர் ஆனார். லேப்டாப்பைத் திறந்து தப்பைக் காட்டினேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் படத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நீ கீழ கீறே, அது மேல கீது. புள்ளைங்களையும் மேல ஏத்திட்டா முடிஞ்சிபோச்சி. இதுக்குப் போயி ஏம்மா மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு கீறே?" சாரத்தைத் தட்டிக் காட்டினார். "எவ்ளோ ஹைட்டு வோணும், சொல்லு."

வியாழன் காலை ஏழு மணி. நோட்டில் நீல ஜன்னலுக்கு வெயில் இடதுபக்கம் என்று இருந்தது. அண்ணன் வீட்டு முன்பக்கத்திலும் அந்த நேரத்துக்கு வெயில் இடதுபக்கம்தான். சாரத்தில் பலகை கட்டி, பின்னால் என் பச்சைத் துணியை இழுத்துக் கட்டினார். கை வைத்துச் சாய, குறுக்கே ஒரு கட்டை. நான் தெருவில் பதினாறு எட்டு எண்ணி ட்ரைபாடை வைத்தேன். பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

பங்காருபேட்டையிலிருந்து வந்த கார்த்திக் கீழே நின்று மேலே பார்த்தான். "மாமா, தாங்குமா? ஸ்வல்ப பயமா இருக்கு." கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொன்னான்.

"மாப்ள, நாப்பது டன் மிஷினை அந்தரத்துல தொங்க வுட்டவன் நானு. உன்னைத் தாங்காதா? நானே மொதல்ல ஏறிக் காட்டறேன் பாரு." விடுவிடுவென்று ஏறினார். கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "தங்கச்சி, நீ ஒண்ணு புடிச்சிப் பாரு, சரியா வருதான்னு!"

அவர் மனைவி மல்லிகா அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். "யோவ், எறங்குய்யா! பிபி மாத்திரைகூட போடாம மரத்துல ஏறின கொரங்கு மாதிரி!"

அண்ணன் கீழே பார்த்துச் சிரித்தார். அந்த நொடி க்ளிக் ஆனது.

5. ரிசெப்ஷன்

அண்ணன் இறங்கியதும் ஜோடியை ஏற்றி எடுத்து முடித்தேன். கோணம் சரியா என்று பார்க்க அந்தச் சோதனைப் படத்தைத்தான் முதலில் சேர்த்தேன். ஜன்னலில் அப்படியே உட்கார்ந்தது. நீலக் கதவு, சிவப்புப் பூத்தொட்டி, மேலே முழங்கை ஊன்றி, தெருவில் யாரையோ பார்த்துச் சிரிக்கிற ஒரு மனுஷன். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி. சங்கீதாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. மூக்கு அடைத்த குரல்.

"அக்கா, எங்க படம் வாசல்ல. இது உள்ள. நைனா கிட்ட சொல்லாதீங்க."

ரிசெப்ஷன் அன்று வாசலில் ஜோடிப் படம். வந்தவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். சங்கீதா மேடையில் இருந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. உள்ளே, சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு தனபால் அண்ணன். அவர் கிட்டே போய் அதை மேலும் கீழும் பார்த்தார். கூட வேலை செய்த ஒருவர் முதுகில் தட்டினார்.

"இன்னா தனபாலு, எப்போ பாரின் போனே? சொல்லவே இல்ல?"

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன மாசம். ரெண்டே நாளு. ஜனங்க நல்ல ஜனங்கப்பா."

"என்னை வுட்டுட்டுப் போயிட்டாரு, கேளுங்க" என்றார் மல்லிகா அக்கா, சிரிக்காமல்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஜன்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் யார் நிற்கப் போகிறார்கள் என்று முதலில் யோசி. பிறகு ட்ரைபாடை விரி. கேமராவின் உயரத்தையும் நோட்டில் எழுது. எழுதுவதற்கு மட்டும் பயத்தைக் கூட வைத்துக்கொள். மீதி நேரம் அதை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வா.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் தனபால் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்து அந்தத் தெருவுக்கு வழி எழுதி வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் காலையில் போன். பின்னால் மல்லிகா அக்கா யாரிடமோ பூ விலை கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"தங்கச்சி, நம்ம ஜன்னலுக்குக் கீழதான் நிக்கிறோம். மூடிகீது. உங்கக்கா அதுல நின்னு பார்க்கணும்ன்றா. கதவைத் தட்டிக் கேக்கட்டுமா? எதுனா சொல்லுவாங்களா?"

என்னென்ன சொல்வார்கள் என்று வழக்கம்போல நாலைந்து மனதில் ஓடின.

"தட்டுங்கண்ணே" என்றேன்.