மீன் கண்ட கனவைக் கேட்ட நாலு பேர்

என் சின்ன மாமா செய்த இசைத்தட்டை, எங்கள் வீட்டைத் தாண்டி, இந்த உலகத்தில் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அதிலும் ஒருவர் முழுதாகக் கேட்டாரா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. அந்த நாலு பேரின் கருத்தையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதி வைத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் இருந்தார். கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டும் ஒருவரிடம் அவருக்கு வேலை. அதுவும் சனி ஞாயிறு மட்டும்தான். மற்ற நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரும் கணினியுமாகக் கிடப்பார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிக் கிடந்து அவர் உண்டாக்கிய பொருளுக்கு ‘மீன் கண்ட கனவு’ என்று பெயர் வைத்தார்.

"ஊமை கண்ட கனவு கேள்விப்பட்டிருக்கேன். இதென்னா மீனு?" என்றார் அப்பா. மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது நாற்பது நிமிஷம் ஓடும் ஒரே பாட்டு. பாட்டு என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவார். எங்கள் வீட்டு பிரஷர் குக்கரின் விசில், உறுமியைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்ட சத்தம், தண்டவாளத்தில் ரயில் தடதடக்கும் ஓசை, கொமியூட்டர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யும் பெண்ணின் குரலைச் சவ்வுமிட்டாய் போல இழுத்த ஒரு முனகல். இவற்றுக்கு நடுவே கிட்டார் எங்கேயோ தொலைந்துபோய்த் திரும்பி வரும். மாமாவே மூன்று இடத்தில் பாடுகிறார். மூன்றும் தண்ணீருக்கு அடியிலிருந்து பாடியது போலத்தான் கேட்கும். சைக்கடெலிக் ராக் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"இது பாட்டு இல்ல பாப்பா, ட்ரிப்பு. கேக்கறவங்கள எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போயிடணும்."

ட்ரிப் எனக்குத் தெரியும். முந்தைய வருஷம் பள்ளியில் எங்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் எனக்குத் தலை சுற்றி, பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து, யானையைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். ஆகவே நல்ல ட்ரிப் என்றால் தலை சுற்றக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அப்பா போர்ட்டில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் மாமாவுக்காகச் சொல்லி வைத்திருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். மாமா இன்னும் ஒரு வருஷம் அவகாசம் கேட்டார். இரண்டாவது தட்டு மண்டைக்குள் தயாராக இருக்கிறது என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"நாலு பேரு நல்லா இருக்குன்னு சொல்லட்டும் தம்பி. அப்புறம் நானே அவர்கிட்ட பேசறேன்."

நாலு பேர் என்றால் ஊர் உலகம் என்று பொருள். மாமா அதை நாலாகவே எடுத்துக்கொண்டார். நாலு சிடியில் பதிந்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ஒரு மீன் வரைந்து, நாலு பேரிடம் கொடுத்தார். கருத்துக் கேட்டு வரும் வேலை எனக்கு வந்தது.

"என் மூஞ்சிக்கு நேரா யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க. உன்கிட்ட சொல்வாங்க. சொன்னத அப்படியே எழுதிட்டு வா. அழகுபடுத்தாதே, என்ன?"

நான் தலையாட்டினேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிறவர்கள். மாமாவும் போய்விட்டால் பள்ளி விட்டு வரும்போது கதவைத் திறக்க வீட்டில் ஆள் இருக்காது. அவருடைய இசையைவிட எனக்கு அந்தக் கதவுதான் முக்கியமாகப் பட்டது.

முதலில் கீழ்மாடி லோரிக்கார அங்கிள். காப்பாரில் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். சிடியை லோரியிலேயே போட்டுக் கேட்டிருக்கிறார்.

"என்னா பாட்டும்மா அது! காப்பார் போறதுக்குள்ள ரெண்டு தடவ லோரிய ஓரங்கட்டிட்டேன். இஞ்சின்ல என்னமோ கத்துதுன்னு இறங்கிப் பாக்கறேன், ஒண்ணுமில்ல. ஏறுனா மறுபடியும் கத்துது. நிப்பாட்டவும் மனசு வரல. தலை கிர்ர்ருன்னு சுத்துது லா!"

வயிறு குலுங்கச் சிரித்தார். மாமாவைக் கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுதினேன். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக என்று பள்ளியில் பயிற்சி உண்டு, அதில் நான் கெட்டிக்காரி. ‘லோரியை இருமுறை ஓரம் கட்டினேன். தலை கிர்ரென்று சுற்றுகிறது.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கொமியூட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அங்கே பெரியம்மா ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாராம். அம்மா கை கழுவப் போன நேரத்தில் என்னிடம் குனிந்து சொன்னார்.

"கண்ணத் தொறந்தா ரசம் வாளியோட பையன் எதிர்ல நிக்கிறான்டி. எவ்ளோ நேரமா அக்கா, அக்கான்னு கூப்பிட்டானோ தெரியல. நான் எங்க உக்காந்திருக்கேன்னே எனக்கு மறந்துபோச்சு. பயந்துட்டேன்."

அங்கிருந்து செந்தூலுக்கு. அப்பாவின் அக்கா, அத்தை, அங்கே ஒரு பிளாட்டில் தனியாக இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா மைலோ கலக்க அடுப்படிக்குப் போனதும் நான் நோட்டை விரித்தேன். அத்தை என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுல ரயிலு சத்தம் வருதில்ல, அப்போ கண்ண மூடுனேன்மா. அவரு டிபன் கேரியரோட வாசல்ல நிக்கிறாரு. சோறு போடட்டுமான்னு கேட்டேன். வாய்விட்டே கேட்டுட்டேன்."

பிறகு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ‘அத்தை அழுதார்’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

நாலாவது ஆள் எங்கள் தமிழாசிரியை. சிடியை உறையோடு திருப்பிக் கொடுத்து, "நல்ல முயற்சி. மாமாவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லும்மா" என்றார். உறை பிரித்தது போலவே தெரியவில்லை. ஆனால் இலக்கண சுத்தமாகச் சொன்னார். நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தேன். நாலில் ஒன்றுதான் தேறியிருந்தது. ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்குப் பயம், ஒருவருக்கு அழுகை. இதை அம்மாவிடம் காட்டினால் மாமா கதை முடிந்தது. ரப்பரை எடுத்தேன். லோரி அங்கிளுக்கு ‘மிகவும் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினேன். பெரியம்மாவுக்கு ‘இனிமையாக இருக்கிறது’. எல்லாம் ஒன்றுபோல இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அத்தைக்குக் கொஞ்சம் குறைத்து, ‘பரவாயில்லை, நன்றாக இருக்கிறது’ என்று போட்டேன். ஆசிரியை சொன்னதில் கை வைக்கவில்லை.

மாமா நோட்டை வாங்கி, நின்றபடியே படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே வாய்ப்பாடு மட்டும்தான் இருந்தது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் மாமா."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியா பாப்பா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மாமா. எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு" என்றேன். தைரியமாகவே சொன்னேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டு அறைக்குள் போனார். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலு பேரும் சொல்லிவிட்டார்கள், இன்னும் ஒரு வருஷம் இருந்து பார் என்றார். அப்பாவிடமும் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். ஆனால் முதல் தேதி காலையில் மாமா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போர்ட்டுக்குக் கிளம்பினார். லோரி அங்கிள் படிக்கட்டில் அவரைப் பார்த்து, "நல்லா இருந்துச்சு தம்பி பாட்டு" என்றார். மூஞ்சிக்கு நேராக அதைத்தானே சொல்ல முடியும். மாமாவும் தேங்க்ஸ் அண்ணே என்றார்.

எனக்கு மாமா மேல் பொல்லாத கோபம். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கரும்பு தின்னக் கூலியும் வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்று போகிறாரே என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. கிட்டாரைச் செராஸ் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டார். இரண்டாவது தட்டைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். நன்றாகத்தான் இருக்கிறார். தொப்பையும் வந்துவிட்டது.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி ஒருநாள் மடிக்கணினியில் ஏதோ வெளிநாட்டுக் குழுவின் பாட்டை ஓடவிட்டாள். கிட்டார் தொலைந்துபோய்த் திரும்பி வந்தது. எனக்குப் பழகின சமாசாரமாக இருக்கவே எட்டிப் பார்த்தேன். அடியில் கேட்டவர்களின் கருத்துகள் நீளமாக ஓடின. காரை ஓரம் கட்டிவிட்டேன் என்று ஒருவர். என் பெயரே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது என்று ஒருவர். செத்துப்போன அப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார் என்று ஒருவர். ஒவ்வொன்றுக்கும் கீழே இதயக்குறிகள் குவிந்து கிடந்தன. நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

தோழி என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வெட்கமாக இருந்தது. அந்த நோட்டில் நான் அழித்து எழுதியதை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்ல நினைத்து, அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டு கம்பெனிக் கதை சொல்வதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

அந்த ரப்பர் புதிது, ஸ்ட்ராபெரி வாசம் அடிக்கும். ‘அத்தை அழுதார்’ என்று எழுதி அடியில் கோடு போட்ட இடத்தை அழிக்கத்தான் நேரம் பிடித்தது, பென்சிலை அவ்வளவு அழுத்தியிருந்தேன். தாள் கிழியாமல், கறுப்புத் தடம் படாமல், தூளை ஊதி ஊதித் துடைத்தேன். அழித்த இடம் மாமாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு கவலையே இல்லை. அவருக்குத் தெரியவும் இல்லை.