பஞ்சுவின் இருமலும் மாட்டாஸ்பத்திரி டாக்டரும்

அறுபதுகளில் மைத்துனர் பம்பாயிலிருந்து ஒரு பொமரேனியன் குட்டி கொண்டுவந்தார். பிள்ளையில்லாத எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் அதற்குப் பஞ்சு என்று பெயர். கோயிலிலிருந்து வரும் அக்காரவடிசலில் முதல் கவளம் பஞ்சுவுக்குத்தான். வளர்ந்து கொழுத்த பிறகு ஒரு கோடையில் வாத்து கத்துவதுபோல் இருமி, மூச்சுக்குத் தவித்தது. என் மனைவி அழுதபடியே இருந்தாள். இருவருமாகத் திருச்சி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் ஒரு முஸ்லிம் பெரியவர். மெலிந்த உடம்பு, நரையோடிய தாடி. எந்தப் பிராணியையும் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

"பார்க்கலாமா ராஜா?" என்று பஞ்சுவிடமும் கேட்டார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "இந்த ஜாதி நாய்க்கு மூச்சுக்குழாய் ரொம்ப மெலிசும்மா. கழுத்துப்பட்டை அதை நெரிக்குது. உடம்பும் கூடிப்போச்சு. பட்டையைக் கழட்டிட்டு நெஞ்சைச் சுத்தித் துணி கட்டிப் பிடிங்க. இனிப்பு வேண்டாம்."

"பெருமாள் பிரசாதத்தை எப்படிங்க இல்லேங்கிறது? பாவமில்லையா?"

"குடுங்கம்மா, ஒரே ஒரு பருக்கை. பிரசாதத்துக்கு அது போதாதா? மிச்சத்தை வீட்டுக்காரருக்குக் குடுங்க. அவருக்குத்தான் உடம்பே இல்லையே!"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

ஆடி பிறப்பதற்குள் பஞ்சு இளைத்தது, இருமலும் அபூர்வமாயிற்று. சொல்லிவிட்டு வரலாமென்று போனேன். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் சந்நிதியில் நிற்கும்போது, "மாட்டாஸ்பத்திரி டாக்டர் சௌக்கியமா இருக்கணும்" என்று வேண்டிக்கொள்கிறேன். எந்த டாக்டர் என்று பெருமாளுக்குத் தெரியாதா என்ன?