மூட்டினதா, மூட்டாததா?

என் உடைகளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நீலச் சட்டை, கறுப்பு பேன்ட் என்று ஒரு மூச்சில் முடித்துவிடுவேன். ஏ.சி. மெயின்டனன்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கம்பெனி கொடுக்கிற சட்டை நீலம். லீவு நாளிலாவது வேறு நிறம் போடலாமே என்று கடைக்குப் போவேன். வரிசையில் உள்ள எல்லாச் சட்டைகளையும் புரட்டிப் பார்த்து, ரொம்ப யோசித்து, கடைசியில் இன்னொரு நீலச் சட்டையோடு வெளியே வருவேன்.

எங்கள் துபாய், ஷார்ஜா வாழ்க்கையின் போட்டோக்களை ஒருநாள் டிவியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கேயே வளர்ந்த மகள் கேட்டாள், "டாட், இதெல்லாம் சேம் டே எடுத்ததா?"

கேள்வி நியாயமானது. படத்துக்குப் படம் அவளுடைய அம்மா வேறு வேறு நிறத்தில் நிற்கிறாள். ஒன்றில் தாவணி மாதிரி துப்பட்டா, ஒன்றில் கைத்தறி, ஒன்றில் அரபிக் கடையில் வாங்கிய நீளக் கவுன். நான் மட்டும் ஸ்டூடியோக்காரன் கழற்ற மறந்துவிட்ட திரைச்சீலை மாதிரி எல்லாவற்றிலும் அப்படியே இருக்கிறேன்.

ஆனால் இன்னொரு வகைப் படங்களும் இருந்தன. மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களில் நிறையப் பேர் வரிசையாக நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே நேவி ப்ளூ யூனிஃபார்ம், பாதிப் பேர் முகத்தில் மாஸ்க். "இதுல மம்மி யாரு?" என்று மகள் கேட்க, மனைவி எழுந்து போய் டிவியில் விரல் வைத்துக் காட்டினாள். காட்டிவிட்டு, "இல்ல, இது நான் இல்ல. அதுக்கு அடுத்தது" என்று திருத்தினாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டாள்.

யூனிஃபார்மைக் கழற்றிவிட்ட நாட்களில் அவள் நிறங்களை வைத்துப் பழிவாங்குவாள். பூசைக்குப் போகும்போது ஒன்று, பிறந்தநாள் விருந்துக்கு ஒன்று. எனக்குத் தெரிந்த பச்சை ஒன்றுதான். அவளிடம் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, இலைப்பச்சை என்று ஒரு குடும்பமே இருக்கிறது. மாலில் போகும்போது எதிரே வரும் பெண்களைப் பார்த்து எனக்குப் பாடம் எடுப்பாள். அரபிப் பெண்கள் போடும் அபாயா என்றால் கறுப்பு அங்கி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். "அந்தக் கைக்கு ஓரத்துல இழைச்சிருக்கத பாத்தியளா? அது வேற வெட்டு, இது வேற வெட்டு. ஒரே கறுப்புக்குள்ள எம்புட்டு வச்சிருக்காக!" என்பாள். அதே நேரத்தில் எதிரே வந்த ஆண்களைப் பார்த்தேன். இந்த ஊர் அரபிகள் வெள்ளை கந்தூரா அங்கியில், மற்றவர்கள் என்னைப் போல. பாடம் எடுக்க ஒன்றுமில்லை.

இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் பணியாற்றியவர்களுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். என் மனைவியின் பெயரும் இருந்தது. யூனிஃபார்மிலேயே வரலாம், விருப்பமானவர்கள் அவரவர் ஊர் உடையில் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே அவள் முடிவுசெய்துவிட்டாள்.

"மயில்கழுத்துப் பட்டுதான். நான் கைய நீட்டி வாங்குறப்ப, எந்த வயசானவுக பாத்தாலும், இதுதான் நம்மளுக்கு ஊசி போட்டவன்னு தெரியணும். இத்தன வருசமா அவுகளுக்கு என் கண்ணு மட்டுந்தான் தெரியும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் ஒரு கெஞ்சல் இருந்தது எனக்கு மட்டும் கேட்டது.

விழா நாளில் அவளுக்கு ஆஃப். காலையில் போன் வந்தது. உடன் வேலை பார்க்கிறவருக்குக் காய்ச்சல், பகல் டியூட்டிக்கு வர முடியுமா என்று. போய்விட்டாள். டியூட்டி முடிந்ததும் அதே கட்டிடத்தில் விழா. வீட்டுக்கு வந்து உடுத்திப் போக ஷார்ஜா டிராஃபிக் விடாது. மத்தியானம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னணியில் ஏதோ மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, மயில்கழுத்து சேல, அதுக்குள்ளேயே ரவிக்க மடிச்சு வச்சிருக்கேன். கட்டிலுக்கு அடியில லீவுப் பெட்டியில இருக்கு. எடுத்துட்டு நேரா வந்துருங்க. நான் மாத்திக்கிடுதேன்."

லீவுப் பெட்டி என்பது எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு தனி உறுப்பினர். ஊருக்குப் போகும்போது தூக்குகிற பெரிய டிராலி. மற்ற மாதங்களில் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும். ஃபிளாட்டில் இடமில்லாததால் பட்டுச் சேலைகளுக்கு அதுதான் பீரோ.

பெட்டியைத் திறந்தேன். மயில்கழுத்து என்று ஒன்றை எடுத்தேன். பச்சையாக இருந்தது. லைட்டுக்குக் கீழே கொண்டு போனேன், நீலமாக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் நின்று என்னைக் கேலி செய்தது. மூன்றாவதாக ஒன்று. ரவிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், எல்லாவற்றுக்குள்ளும் ஒரு ரவிக்கை மடித்திருந்தது. எனக்கு வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நானே சர்வீஸ் செய்த ஏ.சி. அவளுக்குப் போன் போட்டால் டியூட்டியில் எடுக்க மாட்டாள். மகள் காலேஜில். மயிலை நேரில் பார்த்தும் பல வருஷம்.

சில ஆண்கள் இக்கட்டில் மூளையைப் பயன்படுத்துவார்கள். நான் தசையைப் பயன்படுத்துவேன். முழுப் பெட்டியையும் ஜிப் போட்டு மூடி, லிஃப்ட்டில் இறக்கி, காரில் ஏற்றினேன். எல்லாச் சேலையும் உள்ளே இருக்கும்போது எது தப்பாகப் போய்விடும்? வழியெல்லாம் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி முஹைஸ்னா பக்கம், தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்புகளிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் செக்யூரிட்டி பெட்டியைப் பார்த்தார்.

"பாய், அட்மிஷனா? பேஷன்ட் எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"பேஷன்ட் யாரும் இல்லை."

அவர் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "வீல்சேர் வேணுமா?" என்றார்.

நர்ஸ்கள் உடை மாற்றும் அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு!

"ஏங்க, ஊருக்கா போறோம்?"

"எது மயில்கழுத்துன்னு தெரியலட்டி. அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை உள்ளே இழுத்துப் போனாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே சிரிப்பு. ஒரு பெரிய பொறுப்பை நிறைவேற்றிய நிம்மதியில் நான் சுவரில் சாய்ந்தேன். சிரிப்பு நின்றது. அவளோடு வேலை பார்க்கும் மலையாளிச் சேச்சி கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள்.

"சேட்டா, பாவாட எவிடெ?"

பாவாடை! சேலை ஒன்று தானாக நிற்பதில்லை, அதை உள்பாவாடையின் நாடாவில்தான் செருகுவார்கள் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் முழுப் பெட்டியில் ஒன்றுகூட இல்லாமல் எப்படிப் போகும்?

மனைவி குரல் உள்ளிருந்து வந்தது. "லீவுப் பெட்டியில பாவாடை எதுக்கு இருக்கும்? ஊருல இருக்கு, இங்க அலமாரியில இருக்கு. முப்பது கிலோவுல பாவாடையவா தூக்கிட்டுப் போவாக?"

உண்மை. விமானத்தில் எடை பார்க்கிறவர்கள் நாங்கள். பாவாடை பறப்பதே இல்லை. பட்டுச் சேலைகள் மட்டும் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் பறந்துகொண்டிருக்கின்றன. பாவாடைகள் இரண்டு கரையிலும் நிரந்தரக் குடியிருப்பு வாங்கி உட்கார்ந்திருக்கின்றன.

சேச்சி சமாதானம் சொன்னாள். யூனிஃபார்ம் பேன்ட்டிலும் நாடா இருக்கிறதே, அதன் மேலேயே கட்டிவிடலாம், இப்போது பிள்ளைகள் ஜீன்ஸ் மேலேயே கட்டுகிறார்களே என்று. நல்ல யோசனை. நான் கதவுக்கு வெளியே நின்று பலமாக ஆமோதித்தேன்.

 உள்ளே இருந்து மனைவி சொன்னாள், "பட்டுக்கு உள்ளேயும் அந்த நேவி ப்ளூதானா? அப்ப நான் யூனிஃபார்ம்லயே ஏறிக்கிடுதேன். விடுங்க."

அந்த "விடுங்க"வை நான் அறிவேன். சண்டை போட்டால் பரவாயில்லை, அது ஓய்ந்துவிடும். "விடுங்க" என்றால் வாழ்நாள் முழுக்க அலமாரியில் தொங்கும். "இந்தா வாரேன்" என்று கத்திவிட்டு ஓடினேன். செக்யூரிட்டி இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்.

முஹைஸ்னாவில் கேம்ப்புகளைச் சுற்றிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனையும் ஆண்களுக்கான கடை. பனியன், சாக்ஸ், சேஃப்டி ஷூ, பேன்ட், பெல்ட், மறுபடி பனியன். ஒரு கடையில் "லேடீஸ்?" என்று கேட்டேன். "மாஃபி, பாய்" என்று கையை விரித்தான். அடுத்ததிலும் மாஃபி. கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. நீல வேலை உடுப்புப் போட்ட கூட்டத்துக்குள் நீலச் சட்டையோடு நான் எதிர்நீச்சல் போட்டேன். யாராவது என்னைத் தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அப்போதுதான் டிவியில் மனைவி விரல் வைத்துத் தேடியது நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஒரு கடை. நம் ஆள், காயல்பட்டினத்துக்காரர். "வாங்க அண்ணாச்சி, என்ன இப்படி மூச்சு இளைக்கிது? உக்காருங்க. என்ன வேணும்?"

பாவாடை என்று சொல்ல நாக்கு எழவில்லை. கடை நிறைய ஆண்கள். கண்ணில் பட்டதைச் சொன்னேன். "ஒரு கைலி."

கைலி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். "மூட்டினதா, மூட்டாததா?"

நான் அவரைப் பார்த்தபடி நின்றேன். மூட்டின கைலி. இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்த கைலி. உருண்டையாக, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை. அதற்கு மேலே ஒரு நாடா மட்டும் இருந்தால் அதன் பெயர் என்ன?

"மூட்டினது! மூட்டினது!" என்று நான் போட்ட சத்தத்தில் பனியன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார்.

அவர் அடுக்கை இறக்கினார். என் கை நேராக நீலக் கட்டத்துக்குப் போனது. "ம், உங்களுக்கு நீலம் எடுக்கும்" என்றார். தொட்ட கையைச் சுட்டதுபோல இழுத்துக்கொண்டேன்.

"நீலம் வேண்டாம். வேற காட்டுங்க."

வேறு காட்டினார். நான் அதுவரை கவனித்ததே இல்லை. அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லியில் மஞ்சள் கோடு. ஆண்களுக்கும் இத்தனை நிறம் இருந்திருக்கிறது, எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே கட்டி முடித்துவிட்டோம். வாடாமல்லியை எடுத்தேன்.

"யாருக்கு அண்ணாச்சி? இளவட்டக் கலராவுல இருக்கு."

"வீட்டுக்காரிக்கு."

அவர் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "வீட்டுல கைலி கட்டுவாகளா?"

"வீட்டுல இல்ல. மேடையில."

 அவர் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்று மட்டும் சொன்னார்.

கதவிடுக்கு வழியாகப் பையை நீட்டினேன்.  உள்ளே சேச்சியின் அலறல் சிரிப்பு. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த இடத்தில், மனைவியின் சிரிப்பு.

"நாடாவுக்கு என்ன செய்ய?" என்று வெளியிலிருந்து கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில நிக்கிய, நாடாவுக்கு என்ன செய்யன்னு கேக்கிய!" என்றாள்.

காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணிச் சுருள். அதில் நீளமாக ஒன்றைக் கிழித்து முறுக்கி, கைலியைக் கொசுவி இடுப்பில் இறுக்கி, மேலே கைலியை மடித்து விட்டார்களாம். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கைகள், அவிழுமா?

கதவு திறந்தது. அந்தச் சேலை நடக்கும்போது பச்சை, திரும்பும்போது நீலம். எதைத் தேர்ந்தெடுக்க முடியாமல் நான் வியர்த்தேனோ, அதுதான் மயில்கழுத்து என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் அதன் நிறம்.

விழாவில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினாள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு வயதான அரபி அம்மா பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, மேடையைக் காட்டி என்னவோ சொன்னார். எனக்கு அரபி யல்லா, கலாஸ் அளவுக்குத்தான். ஆனால் அந்த அம்மா தன் முழங்கையின் உள்பக்கத்தைத் தட்டிக் காட்டியது புரிந்தது. ஊசி போடுகிற இடம். நான் கைதட்டினேன். ரொம்ப நேரம் தட்டியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த மண்டபத்தில் பட்டுக்குள் வாடாமல்லிக் கைலி இருப்பது தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு இறங்கும்போது என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் சேலைக் கொசுவத்தை லேசாக ஒரு தட்டு தட்டினாள். இத்தனை வருஷ கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மெடல் அதுதான்.

கைலியைத் துவைத்துக் காயப்போட்டதும் எனக்கு ஆசை வந்தது. "அத நான் கட்டிக்கிடவா?" என்றேன். "அது என் பாவாடை" என்றாள்.

போன வாரம் லீவுக்குப் பெட்டி கட்டினோம். கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்தால் எடை கூடுதல். அவள் உட்கார்ந்து யோசித்தாள். கை உள்ளே போயிற்று. என் நீலச் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"ஏட்டி, அங்க நான் என்னத்தப் போட?"

"ரெண்டு போதும். மாத்திப் போட்டாலும் யாருக்குத் தெரியும்?"

பிறகு வாடாமல்லிக் கைலியை எடுத்து, நாலாக மடித்து, மயில்கழுத்துப் பட்டுக்கு மேலே வைத்தாள். பேண்டேஜ் நாடாவையும் சுருட்டி ஓரத்தில் செருகினாள்.  ஜிப் மூடவில்லை என்றாள். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.