ஈரச்சாக்கும் பானட்டில் வெட்டிய லூவரும்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மாரண்டஹள்ளி பஸ் அடுப்புக்கரியை எரித்து எடுக்கும் கேஸில் ஓடியது. நான் அதற்கு மெக்கானிக். ஏற்றம் வந்தால் என்ஜின் திணறும், ரேடியேட்டர் கொதிக்கும். ஒரு கோடையில் டிரைவர் முனியப்பன் அவசரப்பட்டு மூடியைத் திறக்க, ஆவி முகத்தில் அடித்துவிட்டது. கண் தப்பியது, கன்னம் வெந்துபோனது. அது முதல் அவர் மனைவி ரத்தினம் தினமும் என்ஜினை மூடும் பானட்டின்மேல், சூடு தணிய, ஈரச்சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டித்தான் வண்டியை அனுப்புவார்.

பஸ் முதலாளிக்கு ஈவிரக்கம் கிடையாது. “இன்னொருக்கா ஏத்தத்துல நின்னுச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வூட்டுல போய் உக்காந்துக்க” என்று எல்லார் முன்னாலும் முனியப்பனிடம் சொல்லிவிட்டார்.

பஸ் நிற்பது முனியப்பன் வீட்டு வாசலில்தான். ஓட்டம் இல்லாத ஒரு நாள் அங்கேயே பானட்டைக் கழற்றினேன். இரு பக்கத் தகட்டிலும் உளியால் வரிவரியாக வெட்டி, அடியில் உலக்கையைக் கொடுத்து விளிம்பை வெளியே தட்டி எடுத்தேன். இதை லூவர் என்போம். வாய் பின்பக்கம் பார்த்திருந்தால்தான் உள்ளே இருக்கும் சூடு வெளியேறும்.

மறுநாள் நானும் ஏறிக்கொண்டேன். ராயக்கோட்டை ஏற்றத்தில் பாதிகூடத் தாண்டவில்லை, புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. முனியப்பன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார்.

“அவ்வளவுதாங்க மேஸ்திரி. என் சோறு போச்சு.”

இறங்கிப் பார்த்தால், சாக்கு இருபுறமும் தொங்கி லூவர் வாயையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. தினமும் பார்த்த சாக்கு என்பதால் காலையில் யாருக்கும் அது உறைக்கவில்லை.

முதலாளியின் காலில் விழாத குறையாக இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். ரத்தினம் மசியவில்லை.

“சாக்கு இல்லாம அனுப்ப மாட்டேனுங்க. அந்த மூஞ்சியப் பாத்தீங்கல்ல? நாந்தானுங்க தெனமும் மருந்து போட்டேன்.”

நான் வாதாடவில்லை. என்ஜினை ஓடவிட்டு, சாக்கின் ஓரத்தைத் தூக்கி, லூவரிடம் கையைக் காட்டச் சொன்னேன். சாக்கு அடைத்து வைத்திருந்த சூடு பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவரே கயிற்றை அவிழ்த்தார்.

அன்று வண்டி நிற்காமல் ஏறியது. பொழுது சாயத் திரும்பினோம். ரத்தினம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தச் சாக்கு, இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாக. பகல் முழுக்க நனைத்து நனைத்து வைத்திருந்திருக்கிறார்.

“ஏறிடுச்சு புள்ள” என்றார் முனியப்பன்.

அதற்குப் பிறகுதான் ரத்தினம் சாக்கைக் கீழே வைத்தார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக ஒன்றை மாட்டினால், அதன்மேல் பழையது எது கிடக்கிறதென்று பாருங்கள். ஆனால் அதை நீங்களே பிடுங்கி எறியாதீர்கள். கட்டியவர் கையாலேயே அவிழ்க்க விடுங்கள்.