அண்ணாச்சி வீட்டு மூன்றாவது லாம்ப்

போன வாரம் சாத்தூரில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. மண்டபத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேல் ஒரு பழைய புரொஜெக்டரை வைத்து, பெண்ணின் போட்டோக்களைச் சுவரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பந்திக்குப் போகிற அவசரத்தில் அதை ஒட்டி நடந்தேன். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து சூடான காற்று முழங்கையில் பட்டது. கூடவே அந்த வாசம். வெகுநாள் பரணில் கிடந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்துச் சூடேற்றினால் முதலில் ஒன்று வருமே, அதே வாசம், இன்னும் கொஞ்சம் காரமாக. பந்தியில் என் இலையில் என்ன வைத்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. வடை மட்டும் மூன்று வாங்கினேன் என்று என் தங்கச்சி வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டினாள்.

அந்த வாசம் எனக்குப் பழகியது இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். அப்போது விருதுநகரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். டி.வி., டி.வி.டி. பிளேயர், வீட்டையே அதிரவைக்கிற ஸ்பீக்கர் எல்லாம் விற்போம். ஆமத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். டிப்ளமோ படித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆபீசுக்கோ போகாமல் வேறு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதில் அம்மாவுக்கு எக்கச்சக்கப் பெருமை. அவள் தீப்பெட்டி ஆபீசில் இருந்தாள், எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் "கரண்டு வேலை" என்று சொல்லிவைப்பாள். கேட்டவர்கள் நான் கம்பத்தில் ஏறுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் ராஜன் அண்ணன் என்னைச் சேர்த்தது கவுண்டரில் பில் போட. ஆறு மாசம் நச்சரித்துத்தான் சர்வீசுக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்க்ரூடிரைவரோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றால், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து "சர்வீஸ் ஆளு எங்கம்மா?" என்று கேட்பார்கள். நான்தான் என்று சொன்னதும் ஒரு சொம்பு தண்ணீர் வரும். தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கண்காணிப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புரொஜெக்டர் வந்தது. வீட்டுக்குள்ளேயே தியேட்டர். எங்கள் கடையில் அதை வாங்கிய முதல் ஆள் சிவகாசி நாரணாபுரம் ரோட்டில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படியே. வருஷம் பூராவும் ஆர்டர், லோடு, லைசென்ஸ் என்று அலைகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டார். மாடியில் ஒரு ஹாலுக்குக் கருப்புத் திரை போட்டார். கூரையில் மெஷினை மாட்டியது நான். அந்த வேலைக்காக ராஜன் அண்ணன் என்னைச் சென்னைக்கு இரண்டு நாள் டிரெயினிங் அனுப்பியிருந்தார். அங்கே கற்றுக்கொண்டதைவிட அங்கிருந்த ஏ.சி.யும் மதியச் சாப்பாடும்தான் இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன.

புரொஜெக்டருக்கு உயிர் அதன் லாம்ப். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதற்கு நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குமிழ். கண்ணாடியில் விரல் படக்கூடாது, பட்ட இடத்தில் சூடு ஏறி வெந்துவிடும். அதனால் பருத்திக் கையுறை போட்டுத்தான் எடுக்கவேண்டும். இரண்டாயிரம் மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை போக மற்ற ராத்திரிகளிலும் படம் ஓடிய அண்ணாச்சி வீட்டு லாம்ப் முந்நூறு மணி நேரம்கூட எரியவில்லை. நாலே மாசத்தில் சிவப்பு லைட்டைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லி, ஒரு ஸ்டெபிலைசரையும் வைத்து, இரண்டாவது லாம்பை மாட்டிவிட்டு வந்தேன்.

அது சும்மா போகவில்லை, வெடித்துவிட்டது. நான் அங்கே இல்லை, அண்ணாச்சியின் டிரைவர் சொல்லக் கேட்டதுதான். படம் பாதி ஓடும்போது கூரையில் டப்பென்று ஒரு சத்தம். வேறு ஊராக இருந்தால் என்ன சத்தம் என்று அண்ணாந்து பார்ப்பார்கள். சிவகாசியில் முதலில் ஓட்டம், பார்ப்பதெல்லாம் அப்புறம். இருபது விநாடிக்குள் வீடு மொத்தமும் தெருவில் நின்றதாம். அண்ணாச்சி வீட்டம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா கையில் குழம்புக் கரண்டியோடு நின்றார்களாம். டிரைவர் மட்டும் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, புரொஜெக்டரைக் குறிபார்த்து வீசியிருக்கிறார். நல்லவேளை, குறி தப்பிவிட்டது. மணல் முழுக்க சோபாவில்.

வெடித்த லாம்பைப் புரொஜெக்டர் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பவேண்டும். கூரியர் ஆபீசில் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, "பட்டாசா?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் எதை அனுப்பினாலும் முதல் கேள்வி அதுதான். "வெடிச்சதுதான், ஆனா பட்டாசு இல்ல" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அரைமணி நேரம் நிற்கவைத்துவிட்டார்கள்.

இப்போது சிரிக்கிறேனே தவிர, அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அக்கா கடைக்கு போன் போட்டு, "அந்தப் பிள்ள கை ராசியில்ல, அடுத்த தடவை ஒரு ஆம்பளை ஆள அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்கள். பட்டாசுத் தொழிலில் கை ராசி என்றால் லேசுப்பட்ட சங்கதி இல்லை. சீசனின் முதல் லோடை யார் கையால் ஏற்றுவது என்று யோசித்து யோசித்து ஆளை வரவழைப்பார்கள். ராஜன் அண்ணன் நல்ல மனுஷர், என்னை வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை. "இன்னொரு தடவை மட்டும் போயி மாட்டு. இதுவும் போச்சுன்னா நீ கவுண்டர்லயே இருந்துக்க தாயி" என்றார். நான் தலையாட்டினேன். பஸ்ஸில் ஆமத்தூர் வரும்வரை இரண்டு கையையும் மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கையில் என்னடா குறை என்று அப்படி ஒரு ஆத்திரம்.

மூன்றாவது லாம்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டினேன். வேலை முடிந்ததும் கிளம்பவில்லை. ஒரு படம் முழுசாக ஓடி முடிகிறவரை இருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போட மனசு வராமல் கறிச்சோறு போட்டார்கள். பிறகு படம் ஓடியது. எல்லோரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, எதிர்த்திசையில், கூரையில் இருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது. வோல்டேஜ் சரியாக இருந்தது, காற்று நன்றாக வெளியேறியது, சூடும் அளவோடுதான் இருந்தது. ஒரு கோளாறும் இல்லை.

படம் முடிந்தது. அக்கா ரிமோட்டை அழுத்தினார்கள். வெளிச்சம் அணைந்தது, மெஷினுக்குள் இருந்த சின்ன பேன் முன்னைவிட வேகமாக உஸ்ஸென்று சுற்ற ஆரம்பித்தது. அண்ணாச்சி எழுந்தார், வேட்டியை உதறிக் கட்டினார், வாசல்பக்கம் நடந்து, கதவோரம் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். பேன் சத்தம் சட்டென்று நின்றது.

அவர் அதை அவ்வளவு இயல்பாகச் செய்தார். நானும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான், எங்கள் தெருவிலும் அப்படித்தான். மெயினை அமத்தாமல் ஒரு அறையைவிட்டு வெளியே போவது எங்கள் ஊர்களில் செருப்புப் போடாமல் முள்ளுக்காட்டுக்குள் போவது மாதிரி. வாசல்வரை வந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. மெஷின் புத்தகத்தில் முதல் மூன்று பக்கமும் எச்சரிக்கைகள். நான் நாலாம் பக்கத்திலிருந்து படித்தவள். எச்சரிக்கையை எவன் படிக்கிறான் என்று ஒரு நினைப்பு. சுவருக்குச் சுவர் எச்சரிக்கை எழுதிவைத்திருக்கிற ஊரில் வளர்ந்தவளுக்கு வந்த நினைப்பைப் பாருங்கள். அந்த மூன்று பக்கத்தில் எங்கேயோ, பேன் நிற்கும்வரை கரண்டை நிறுத்தாதே என்று போட்டிருந்தது. புத்தகத்தைப் புரட்டியபோது கண்ணில் பட்டதுதான், நான்தான் பொருட்படுத்தவில்லை.

"அண்ணாச்சி, தினமும் இப்படித்தான் அமத்துவீகளா?"

"அமத்தாமப் போக முடியுமா தாயி? இருவத்தஞ்சு வருசமா மெயினை அமத்தாம ஒரு ரூமை விட்டு நான் காலை எடுத்து வெளிய வச்சதில்ல." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான். அவர் கம்பெனியில் ஒரு ஆளுக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

இந்த மனுஷரிடம், உங்களுடைய அந்த நல்ல பழக்கம்தான் லாம்பைக் கொல்கிறது என்று எப்படிச் சொல்வது? வோல்டேஜ்மேல் பழியைப் போட்டுவிட்டு, டிரைவரிடம் மட்டும் காதோடு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னால் என் தப்பும் சேர்ந்தே வெளியே வரும், கவுண்டர் எனக்கு உறுதி. பையைக் கீழே வைத்தேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தப்பு பாதி என்னுது அண்ணாச்சி. மாட்டுன அன்னைக்கே சொல்லியிருக்கணும், நான் சரியாப் படிக்கல. வெளிச்சம் போனாலும் உள்ள கொதிச்சிட்டுத்தான் இருக்கும். அதை ஆத்துறதுக்குத்தான் அந்த பேன் ஓடுது. நீங்க அதைப் பாதியில நிப்பாட்டுதீக."

அக்கா என்னையே பார்த்தார்கள். டிரைவர் சுவரைப் பார்த்தார்.  அண்ணாச்சி போய் மெயினைத் தூக்கிவிட்டார். பேன் மறுபடி சுற்றியது. திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"வெடிக்காத வெடிகிட்ட உடனே போகாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதேன். உள்ள சூடு கெடக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அதைச் சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "எம்புட்டு நேரம் உக்காரணும்?"

இரண்டு நிமிஷம் என்றேன். அவர் எழுந்து போனால் கையைப் பிடித்து உட்காரவைப்பது தன் பொறுப்பு என்று அக்கா சொன்னார்கள். பேன் நின்றதும் அண்ணாச்சி தானே போய் மெயினை அமத்தினார். பிறகு அங்கேயே நின்று ராஜன் அண்ணனுக்கு போன் போட்டார். அந்தப் பேச்சு எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "ராஜா, அந்தப் பிள்ள கையில ஒரு கொறையும் இல்ல. கொறை என் கையிலதான் இருந்துச்சு. இனிமே இந்த வீட்டுக்கு அதுதான் வரணும்."

அழுதுவிடக் கூடாது என்று ஸ்க்ரூக்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.  அக்கா உள்ளே போய் ஒரு பெரிய கிப்ட் பாக்ஸ் பட்டாசை எடுத்துவந்து என் கையில் வைத்தார்கள், இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து. பட்டாசை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்பதால் காரிலேயே ஆமத்தூரில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். மாசி மாசத்தில், ஒரு பண்டிகையும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவில் சரம் சரமாகக் கொளுத்தினேன். அம்மா வெளியே ஓடிவந்து என்ன விசேஷம் என்று கேட்டாள். எனக்குத்தான் தீபாவளி என்றேன். அவளும் ஒரு புஸ்வாணம் வைத்தாள்.

ஆறு மாசத்துக்குள் இரண்டு தரம் என்னைக் கூப்பிட்ட வீடு, அதற்கப்புறம் லாம்ப் மாற்ற என்னைக் கூப்பிடவே இல்லை. அண்ணாச்சியின் மகன் பெரிய டி.வி. வாங்கிய வருஷம், மெஷினைக் கழற்றத்தான் போனேன். மகன் அதைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார். கழற்றுமுன் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருந்தது, பளிச்சென்று எரிந்தது.

ராஜன் அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் ஷோரூம். புதிய மெஷின்களில் கழற்றி மாற்றுகிற லாம்பே கிடையாது. நான் பார்த்த லாம்ப்கள் எல்லாம் செத்த பிறகு கழற்றப்பட்டவை. உயிரோடு இருக்கும்போதே கழற்றப்பட்டது என் கை போட்ட அந்த மூன்றாவது லாம்ப் ஒன்றுதான். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்ல நான் தயார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்து ஆச்சரியப்படத்தான் ஒரு ஆள் மிச்சமில்லை.