ஐந்து கட்டைப் பாஞ்சாலி

கூத்துக்காரிக்குக் கால் வலித்தால் நின்ற இடத்திலேயே ஆடிச் சமாளிக்கலாம். தொண்டை கட்டினால் சமாளிக்க வழியே கிடையாது. பாட்டை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்களும் என்னைப் போல மோரைக் கண்டால் பத்தடி தள்ளித்தான் உட்காருவீர்கள்.

எங்களுடையது கூத்துக் குடும்பம். அப்பாதான் வாத்தியார். தம்பி ஏழுமலை ஆர்மோனியப் பெட்டி, என் வீட்டுக்காரர் துச்சாதனன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோழி வேஷம் கட்டி, பிறகு பாஞ்சாலி ஆனேன். அன்றைக்கு அப்பா ஒரு சட்டம் போட்டார்: பாஞ்சாலி ஐந்து கட்டைச் சுருதியில் பாட வேண்டும்; சுருதி இறங்கினால் வேஷத்தையும் வேறு ஆளுக்கு இறக்கிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. சட்டம் மட்டும் என் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கூத்திலும் தம்பி பெட்டியைத் திறக்கும்போது, “அஞ்சுதானேடா?” என்று கேட்பேன். அவன் நிமிராமல் தலையாட்டுவான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

காலில் விழுந்தவர்

துகில் உரிவதற்கு முன் துச்சாதனன் கற்பூரம் ஏற்றி, பாஞ்சாலி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் முந்தானையைத் தொட வேண்டும். அது முறை. கணியம்பாடிப் பக்கம் ஒரு ஊரில் விழுந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவே இல்லை. முட்டி பிடித்துக்கொண்டது. பக்தி என்று நினைத்துக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எனக்கோ பதைப்பு. குனிந்து, தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எனக்கே கேட்டது: “இன்னாமே இது, பொடவைய உருவ வந்தவன அவளே தூக்கி வுடுறா. கட்டினவன் போல கீது.”

கொண்டை ஊசி வளைவு

ஜமுனாமரத்தூரில் ஒரு திருவிழாக் கூத்து. மலைக்குளிர் தொண்டையைப் பிடித்துவிடுமே என்று பஸ் ஏறும்போதே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு “ஆ...” என்று குரலைச் சோதித்தபடி போனேன். மூன்றாவது வளைவில் கண்டக்டர் என் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணித்தார். வாந்தி இல்லைங்க, பாடிப் பார்க்கிறேன் என்றேன்.

மேலே போனதும் ஒரு பெண் வெந்நீரில் மலைத்தேன் கலந்து கொடுத்தாள். குரல் குறையில்லாமல் எழும்பியது. அவள் நன்றாக இருக்க வேண்டும். ஆனாலும் குளிர் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது கண்டக்டர் சொன்னதுதான்: “எதுவா இருந்தாலும் ஜன்னலுக்கு வெளிய பண்ணுங்கம்மா.”

மாதா வேஷம்

அடிவாரத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். ஏசுவைச் சிலுவையில் அறைந்த கதையை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் மாதாவாக நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். குங்குமத்தை அழித்துக்கொண்டு போனேன். சாமி குற்றம் ஆகிவிடுமோ, கூத்துக்காரி என்று ஒதுக்குவார்களோ என்று வழியெல்லாம் புலம்பல். சிலுவையடியில் எனக்குத் தெரிந்த ஒப்பாரி மெட்டில்தான் அழுதேன். ஊரே என்னோடு அழுதது. முடிந்ததும் காப்பி கொண்டுவந்த மேரி அக்கா என் கையை விடவே இல்லை. “மாதா அன்னிக்கு உன்ன மாரி அழுதிருந்தாங்கன்னா, அந்தப் பாவிங்க எறக்கி வுட்டிருப்பாங்க கண்ணு.”

ஆலங்காயத்தில் உடைந்தது

போன வருடம் ஆலங்காயம் கூத்தன்று ஏழுமலைக்குக் காய்ச்சல். வாணியம்பாடியிலிருந்து வேறொருவர் பெட்டி வாசிக்க வந்தார். “எத்தினி கட்டைங்க?” என்றார். “அஞ்சு” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்துதான்.

துகில் கட்டம். கண்ணனைக் கூப்பிடும் மேல் அடியில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் உடைந்தது. முந்தானையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் கோமாளிக்குக் கண்ணைக் காட்டினார். கோமாளி பேச்சுக் கொடுத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தான். அதற்குள் இவர் பெட்டிக்காரரிடம் குனிந்து, “மூணரையில புடிங்க” என்றார். பாடினேன். குரல் எப்போதும் போல ஏறி நின்றது. எப்போதும் போல என்பதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் சலங்கையைக் கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைத்தேன். “அப்பா சொன்னபடி எறங்கிக்கிறேன்டா. யாரையாவது பாத்துக்க.” போர்வைக்குள் இருந்தே சலங்கையை என் பக்கம் தள்ளினான். “மொதல் அரைக் கட்டைய எறக்கச் சொன்னதே அப்பாதான்க்கா. உன் தொண்ட எறங்குனா நீ வூட்ல குந்திக்குவ. பொட்டி எறங்குனா யாருக்கு இன்னா போச்சு?”

குடும்பமே ஒரே தொழிலில் இருந்தால் நம் கவலையை நமக்குத் தெரியாமலே ஆளுக்குக் கொஞ்சம் சுமந்துவிடுகிறார்கள், நாம்தான் அது தெரியாமல் இத்தனை வருடமாக மோர் இல்லாமல் சாப்பிட்டுத் தொலைக்கிறோம்.